கூண்டில் தமிழ், ஏட்டில் ஆங்கிலம்

திருவனந்தபுரம் நீதிமன்றங்களில் தமிழ்ச் சாட்சி பேசுவது ஒரு மொழி, பதிவாவது வேறு மொழி. சொன்னதைச் சாட்சிக்கே திருப்பிப் படித்துக் காட்டவேண்டும் என்கிறது சட்டம். பல வழக்குகளின் தலைவிதி அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது.

வஞ்சியூர் நீதிமன்ற வளாகம், காலை பதினொரு மணி. சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கிப் பிழைக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைத்தெருவில் நடந்த அடிதடியை நேரில் பார்த்தவர். அரசு வக்கீல் மலையாளத்தில் கேட்கிறார். சாட்சிக்குக் கேள்வி புரிகிறது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்துவிட்டு மலையாளம் புரியாமல் போகுமா? ஆனால் பதற்றத்தில் வாயில் வருவது தாய்மொழிதான். "குத்தினான் சார்" என்கிறார். நீதிபதி தலையசைத்துவிட்டு, கணினியின் முன் அமர்ந்திருப்பவரிடம் ஆங்கிலத்தில் சொல்கிறார்: "ஹி ஸ்டாப்டு ஹிம்."

கத்தியால் குத்தினான் என்று ஏடு சொல்லிவிட்டது. சாட்சி சொன்னது முஷ்டியால் விட்ட குத்தாகவும் இருக்கலாம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். மலையாளக் காதில் 'குத்தி' என்றால் முதலில் தோன்றுவது கத்திதான். கையால் குத்துவதற்கு அவர்கள் 'இடிச்சு' என்பார்கள். சாட்சி ஊருக்கு ஏற்றபடி பேசுவோம் என்று 'இடிச்சான்' என்று சொல்லியிருந்தால் தமிழறிந்த வேறொரு நீதிபதி, போகிற போக்கில் தோளில் மோதிவிட்டுப் போனான் என்று எடுத்துக்கொண்டிருப்பார்!

இதில் தமாஷுக்கு அதிக இடமில்லை. கையால் அடித்துக் காயப்படுத்தினால் பாரதிய நியாய சம்ஹிதாவின் 115(2) பிரிவின்படி அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. அபாயகரமான ஆயுதத்தால் என்றால் 118(1): மூன்றாண்டு. கொலை முயற்சி என்று முடிவானால் 109-ஆம் பிரிவு: பத்தாண்டு, காயம் பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். மருத்துவச் சான்றிதழும் பிற சாட்சிகளும் பெரும்பாலும் தவறைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் குறுக்கு விசாரணையில் இதே சாட்சியிடம் "நீர் கத்தி என்று சொன்னீரே, கத்தி எங்கே?" என்று கேட்கப்படும்போது, தான் சொல்லாத கத்திக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேரளத்தின் கீழ் நீதிமன்றங்களில் ஆங்கிலமும் மலையாளமும் புழங்குகின்றன. சாட்சியத்தை நீதிபதி ஆங்கிலத்தில் சொல்லிப் பதிவு செய்யவைப்பது நெடுநாள் பழக்கம். சிக்கலான வாக்கியம் வந்தால் அதை மட்டும் மலையாளத்திலேயே மேற்கோள் குறிக்குள் வைப்பதும் உண்டு. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் புரட்டினால், ஓடும் ஆங்கிலத்துக்கு நடுவே மலையாள எழுத்தில் சாட்சியின் வாய்மொழி தலைகாட்டுவதைப் பார்க்கலாம். மலையாளிச் சாட்சிக்கு இப்படி ஒரு பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. தமிழ்ச் சாட்சிக்கு அது அரிது. அவருடைய சொல் முதலில் மலையாளக் காதுக்குள் போய், பிறகு ஆங்கிலமாக வெளிவருகிறது.

இதற்கு யாரையும் குற்றவாளியாக்கவும் முடியாது. தலைநகரத்துக்குத் தமிழ் அந்நியமில்லை. சாலைக் கடைத்தெரு, கரமனை, வலியசாலை என்று தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஊர். அண்ணனை 'அண்ணன்' என்றே அழைக்கும் மலையாளம் இந்த ஊர் மலையாளம். ஆபத்தே அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. வங்காளியோ அசாமியரோ கூண்டில் ஏறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எல்லோருக்கும் உடனே தோன்றுகிறது. 2016-இல் கேரளத்தை உலுக்கிய பெரும்பாவூர்ச் சட்ட மாணவி கொலை வழக்கில் அசாமைச் சேர்ந்த குற்றவாளிக்காக மொழிபெயர்ப்பாளரை வைத்தே விசாரணை நடந்தது. தமிழருக்கு அப்படித் தோன்றுவதில்லை. "தமிழ்தானே, புரியும்" என்று இருந்துவிடுகிறார்கள். தமிழருக்கும் "மலையாளம்தானே" என்ற தைரியம். தமிழர் 'நானும் சம்சாரமும்' என்று மனைவியைச் சொல்ல, மலையாளத்தில் 'சம்சாரம்' என்பது பேச்சு. தமிழர் 'அவசரத்தில்' என்றால் வேகத்தில். மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு, சந்தர்ப்பம். "ஒரு அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்பது என்னவாகப் பதிவாகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

சொற்களைவிட நுணுக்கமான இடறல்கள் இலக்கணத்தில் இருக்கின்றன. "இருட்டுல முகம் தெரியலை" என்று ஒருவர் சொன்னால், முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அர்த்தம். அதை 'அறியில்ல' என்று மலையாளத்தில் எடுத்துக்கொண்டு ஆங்கிலமாக்கினால், முகத்தைப் பார்த்தேன், ஆனால் ஆள் யாரென்று தெரியாது என்றாகிவிடும். அடையாள அணிவகுப்பில் இதே சாட்சி ஒருவரை அடையாளம் காட்டினால் முதல் வாக்குமூலம் அவரைக் கடிக்கும், அல்லது குற்றம் சாட்டப்பட்டவரைக் கடிக்கும்.

அடுத்தது தமிழின் 'ஆம்' விகுதி. "அவன்தான் எடுத்தானாம்" என்னும்போது, தான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டது என்பதை ஒற்றை ஈறு சொல்லிவிடுகிறது. சாட்சியச் சட்டத்தின் அடித்தளமான பேதமே இதுதான். வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்கவேண்டும், பார்த்தவர்தான் பார்த்ததைச் சொல்லவேண்டும். பள்ளிக்கூடம் போகாத கிழவிகூட இந்தச் சட்டப் பேதத்தைத் தன் பேச்சிலேயே பிழையில்லாமல் வைத்திருக்கிறாள். ஆங்கிலத்தில் அந்த ஈறு இல்லை. 'என்று சொல்லக் கேட்டேன்' எனத் தனியாக எழுதவேண்டும். அவசரத்தில் எழுதாமல் விட்டால் வதந்தி நேரடிச் சாட்சியமாகிவிடும். 'இருக்கும்' சேர்த்து "பத்து மணி இருக்கும்" என்று உத்தேசமாகச் சொல்வதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அது பத்து மணியேதான் என்று நின்றுவிட்டால், ஒன்பதே முக்காலுக்கு வேறிடத்தில் இருந்ததாகச் சொல்லும் எதிரியின் வக்கீலுக்கு அது போதும்.

சொத்து வழக்குகளில் உறவுப்பெயர்கள் வேறு. 'மாமா' ஆங்கிலத்தில் 'அங்கிள்'. தாயின் சகோதரரா, அத்தை கணவரா, மாமனாரா? பழைய திருவிதாங்கூர் மண்ணில் இது சாதாரண சந்தேகமில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடையே தமிழ் பேசும் குடும்பங்களிலேயே மருமக்கள்வழிச் சொத்துரிமை இருந்தது. கவிமணி அதை வைத்து ஒரு நையாண்டிக் காவியமே பாடியிருக்கிறார். 1926-இல் திருவிதாங்கூர் சமஸ்தானச் சட்டம் அந்த முறையை மாற்றும்வரை 'மருமகன்' என்ற சொல்லுக்கு வாரிசு என்ற கனம் இருந்தது. அவன் சகோதரியின் மகன். மகளைக் கட்டியவனும் மருமகன்தான், ஆனால் அவனுக்கு அந்த வழியில் பங்கில்லை. பழைய பத்திரமோ பழைய வாக்குமூலமோ ஆங்கிலத்துக்குப் போகும்போது 'நெஃப்யூ' என்பதா 'சன்-இன்-லா' என்பதா என்று தீர்மானிப்பவர், தெரிந்தோ தெரியாமலோ நிலத்தைத் தீர்மானித்துவிடுகிறார்.

சாட்சியத்தில் இன்னொரு விசித்திரமும் உண்டு. செஷன்ஸ் விசாரணையில் சாட்சியம் பொதுவாகக் கேள்வி-பதிலாகப் பதிவாவதில்லை. கோர்வையான கதையாக, 'நான்' என்று தன்மையில் எழுதப்படுகிறது. கேள்வி கேட்டவர் மறைந்துவிடுகிறார். எதிர்த்தரப்பு வக்கீல், "முன்விரோதம் காரணமாகப் போலீசுடன் சேர்ந்துகொண்டு நீர் பொய்ச்சாட்சி சொல்கிறீர்" என்று ஒரு மூச்சில் சொல்லி முடிக்க, சாட்சி "இல்லை" என்கிறார். ஏட்டில் அது, 'முன்விரோதம் காரணமாகப் போலீசுடன் சேர்ந்துகொண்டு நான் பொய்ச்சாட்சி சொல்கிறேன் என்று கூறுவது சரியல்ல' என்று சாட்சியே வாய்திறந்து சொன்னதுபோல் நீண்ட ஆங்கில வாக்கியமாகிவிடும். ஒற்றைச் சொல்லைச் சொன்ன மனிதர் சட்டப் புலவராகிவிடுகிறார். "நீர் அன்று அங்கே போகவில்லைதானே?" என்ற கேள்விக்குத் தமிழர் "ஆமாம்" என்றால் போகவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் 'எஸ்' என்றால் போனேன் என்றும் படிக்க இடமுண்டு.

சிவில் வழக்குகளில் இந்தச் சங்கடத்துக்கே வேலையில்லை, ஏனென்றால் அங்கே சாட்சி முதல் விசாரணையில் பேசுவதே இல்லை. 2002 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி முதல் விசாரணை என்பது பிரமாண வாக்குமூலம்தான். அதை வக்கீல் அலுவலகத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தயாரிக்கிறார்கள். 'நான் உண்மையாக உறுதிகூறுவதாவது' என்று தொடங்கும் அந்த ஆங்கிலத்தில் கட்சிக்காரரின் சொந்தச் சொல் எத்தனை என்று எண்ணினால் பெயரும் விலாசமும்தான் தேறும். கடைசியில், எனக்குத் தெரிந்த மொழியில் படித்து விளக்கப்பட்டது என்று ஒரு வரி. கீழே தமிழில் கையெழுத்து. குறுக்கு விசாரணையில்தான் முதன்முதலாக, தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்பதை அவர் கேட்கிறார்.

சட்டத்தை எழுதியவர்கள் இதையெல்லாம் யோசிக்காதவர்கள் அல்ல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 277, 278-ஆம் பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவில் 312, 313 ஆகியிருக்கின்றன. எண் மாறியது, ஏற்பாடு மாறவில்லை. சாட்சி நீதிமன்ற மொழியில் பேசினால் அந்த மொழியிலேயே எழுதவேண்டும். வேறு மொழியில் பேசினால், இயன்றவரை அவர் மொழியிலேயே எழுதவேண்டும். இயலாவிட்டால் விசாரணை நடக்கும்போதே நீதிமன்ற மொழியில் சரியான மொழிபெயர்ப்பு தயாராகவேண்டும். சாட்சியம் முடிந்ததும், குற்றம் சாட்டப்பட்டவர் அல்லது அவரது வக்கீல் முன்னிலையில் சாட்சிக்குப் படித்துக் காட்டி, தேவையானால் திருத்தவேண்டும். பதிவான மொழி சாட்சிக்குத் தெரியாவிட்டால் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கவேண்டும். சாட்சி 'இது நான் சொன்னதல்ல' என்று மறுத்தால் நீதிபதி திருத்தலாம்; திருத்த மனமில்லையென்றால் சாட்சியின் ஆட்சேபத்தைக் குறிப்பாக எழுதி, தன் கருத்தையும் சேர்த்து வைக்கலாம்.

காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. நடைமுறையில் அது நீதிமன்றத்தின் மிக அவசரமான ஐந்து நிமிடமாகிவிடுகிறது. அடுத்த சாட்சியைப் பெயர் சொல்லி அழைத்தாகிவிட்டது. வக்கீல் இன்னொரு நீதிமன்றத்துக்கு ஓடுகிறார். ஆங்கிலப் பக்கங்களை யாரோ மலையாளமும் தமிழும் கலந்து மளமளவென்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். கூண்டில் நின்று களைத்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்ற வரி பக்கத்தின் அடியில் ஏறுகிறது. அது வெறும் சடங்கு வரி இல்லை. மேல்முறையீட்டில் சாட்சி வரமாட்டார், அவர் முகம் வராது, தயக்கம் வராது. அந்தக் காகிதம்தான் போகும். சாட்சி ஒப்புக்கொண்ட வாசகம் இது என்று அந்த ஒரு வரி அதற்கு முத்திரை குத்திவிடுகிறது.

உச்ச நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டியது. டெல்லியைச் சேர்ந்த நயீம் அகமது வழக்கில் 2023 ஜனவரி 30 அன்று தீர்ப்பளித்த நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, பேலா திரிவேதி அமர்வு, புகார் கொடுத்த பெண் தன் மொழியில் சொன்ன சாட்சியத்தை விசாரணை நீதிமன்றம் ஆங்கிலத்தில் மட்டும் பதிவு செய்திருந்ததைக் கண்டது. சாட்சி தன் மொழியில் பேச, ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் ஏட்டில் ஏற்றுவது அனுமதிக்கத்தக்கதல்ல; வாசகமும் தொனியும் சாட்சியின் சொந்த மொழியில் இருந்தால்தான் சரியாக எடைபோட முடியும் என்று சொல்லி, 277-ஆம் பிரிவை நீதிமன்றங்கள் முறையாகப் பின்பற்றவேண்டும் என்றது. ஐம்பதாண்டு பழைய சட்டத்தைப் பின்பற்றச் சொல்ல உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது!

எல்லை தாண்டினால் நிலைமை வேறு. தம்பானூரில் பஸ் ஏறினால் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், களியக்காவிளை வந்துவிடும். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் செய்யப்பட்ட திருத்தம் கீழ் நீதிமன்றங்களில் சாட்சியத்தைத் தமிழில் பதிவு செய்ய வழி செய்தது. ஆக, அதே மூட்டை தூக்கும் தொழிலாளி குழித்துறையில் சாட்சி சொன்னால் 'குத்தினான்' என்பது 'குத்தினான்' என்றே ஏறும். எதனால் குத்தினான் என்ற கேள்வியைக் கேட்க யாருக்காவது தோன்றும். அரசியல் சட்டத்தின் 348-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போகும்போது ஆங்கிலம் வந்தே தீரும் என்றாலும், அப்போது அடியில் மூலம் இருக்கும். சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்கலாம். வஞ்சியூர்ச் சாட்சிக்கு மூலம் காற்றோடு போய்விட்டது.

மூலம் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் வேறு இடங்களில் பார்த்திருக்கிறார்கள். இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதான ஒரு தமிழர், தனக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் ரேகை வைக்கப்பட்டதாக ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். மொழிபெயர்த்தவர் ஒரு போலீஸ் கான்ஸ்டபிள். அந்த வாக்குமூலத்தை வைத்து 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. சுயேச்சையான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எடுத்த வாக்குமூலத்தை ஏற்றது நியாயமான விசாரணைக்கு விரோதம் என்று 2004-இல் அந்தக் குழு முடிவு சொன்னது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மொழிபெயர்ப்பே குறுக்கிடவில்லை, ஆனாலும் இதே கதை. பேரறிவாளனின் தடா வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர் கேரளப் பிரிவு ஐ.பி.எஸ். அதிகாரியான வி. தியாகராஜன். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக அவர் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். வாக்குமூலம் எடுத்தது 1991-இல். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18-இல்.

சொன்னவரின் வாயாக இன்னொருவர் பேசுவது எவ்வளவு கவனம் வேண்டும் வேலை என்பதற்கு நியூரம்பர்க் நல்ல உதாரணம். 1945 நவம்பரில் நாஜித் தலைவர்கள் மீதான விசாரணை தொடங்கியபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என்று நான்கு மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு. பேசுபவர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு எரியும், சிவப்பு எரிந்தால் நிறுத்தவேண்டும். பேச்சு முழுவதும் ஒலிப்பதிவு செய்யப்பட்டு எழுத்துப் பிரதி அதனுடன் ஒத்துப் பார்க்கப்பட்டது. கொலைபாதகர்களின் சொல்லுக்கே அத்தனை மரியாதை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு 1978-இல் தனிச் சட்டமே வந்தது. அங்கே மொழிபெயர்ப்பாளர் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறவேண்டிய தொழில்காரர். நம் சட்டத்திலும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சத்தியப்பிரமாணம் எடுக்கவேண்டும், உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டவர் என்று இருக்கிறது. ஆனால் நீதிபதியே கேட்டு, நீதிபதியே மொழிபெயர்த்து, நீதிபதியே எழுதவைக்கும்போது பிரமாணம் எடுக்க அங்கே மூன்றாவது ஆள் இல்லை.

இதே ஊரில் நீல பத்மநாபன் இரணியல் பேச்சுத் தமிழில் எழுதிய 'தலைமுறைகள்' நாவலை க.நா.சு. ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ஓர் உறவுச்சொல்லுக்கு ஆங்கிலம் கிடைக்காமல் மொழிபெயர்ப்பாளர் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்ளலாம்; நாவல் காத்திருக்கும். கூண்டில் நிற்பவருக்கு அந்தச் சொகுசு கிடையாது.

இப்போது இயந்திரம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் கேரளத்தின் விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியத்தைப் பதிவு செய்ய 'அதாலத் ஏ.ஐ.' என்ற மென்பொருளைப் பயன்படுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் கருவி. கைவலிக்க எழுதிய நீதிபதிகளுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் நீதிபதி சொல்லும் ஆங்கிலத்தைக் கேட்டு எழுதுவதும், சாட்சி சொல்வதையே கேட்டு எழுதுவதும் வெவ்வேறு காரியங்கள். முன்னதில் தட்டச்சுக்காரருக்கு மட்டும்தான் வேலை மிச்சம். பின்னது நடந்தால், அதுவும் தமிழ்ச் சாட்சி பேசும் தமிழுக்கு நடந்தால், சட்டம் கேட்ட மூலம் முதல் தடவையாகக் கைக்குக் கிடைக்கும்.

அதுவரைக்கும் சாட்சிக்கு உள்ள ஒரே பிடி, கையெழுத்துக்கு முந்திய அந்த ஐந்து நிமிடம். "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது உரிமை, சலுகை அல்ல. "கத்தி என்று நான் சொல்லவில்லை, கையால் குத்தினான் என்றேன்" என்று குறுக்கிட்டால் நீதிபதி கோபித்துக்கொள்வார் என்ற பயம் பலருக்கு. சட்டப்படி அவர் அதைத் திருத்தவோ குறித்துக்கொள்ளவோ வேண்டியதுதான். கையெழுத்துப் போட்டு, சாட்சிப் படியை வாங்கிக்கொண்டு, சாலைக்குத் திரும்பிய பிறகு தவறு தெரியவந்தால் 348-ஆம் பிரிவின்படி சாட்சியை மறுபடி அழைக்கும்படி வழக்கின் ஏதாவது ஒரு தரப்பு மனுப் போடவேண்டும். அந்த மனுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.